இரண்டு வேளைகளுக்கு நடுவே

ஒரு வித்தியாசாலையின் பெருமையைச் சொல்லப் புகுவோர் அதனை நிறுவிய அரசரையும், அங்கே ஆசிரியராய் அமர்ந்த மேதைகளையும், அங்கிருந்து புறப்பட்டு மந்திரிகளாகவும் படைத்தலைவர்களாகவும் விளங்கிய மாணவர்களையும் வரிசைப்படுத்திக் கூறுவது வழக்கம். ஆனால் எட்டு வயதிலோ பத்து வயதிலோ தாய்தந்தையரைப் பிரிந்து விடுதிக்கு வந்து சேர்கிற குழந்தைக்கு அந்த வித்தியாசாலை அறிமுகமாவது பெரும்பாலும் அதன் போஜனசாலையின் வழியாகத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவு உறக்கத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் பொழுதில் பசி எடுத்தால் அங்கே என்ன கிடைக்கும், யாரிடம் கேட்கலாம், கேட்டால் என்ன பதில் வரும் என்பவற்றைக் கொண்டே அந்தக் குழந்தை புதிய இடத்தை நம்பலாமா, கூடாதா என்று மனத்துக்குள் நிச்சயித்துக்கொள்கிறது. விடுதிக் கல்வியை அறுநூறு ஆண்டுகளாக ஒரு சம்பிரதாயமாகவே பேணி வளர்த்த இங்கிலாந்து தேசத்தில் இந்தப் பசிக்கு எவ்விதமெல்லாம் வழி செய்தார்கள், எவ்விதமெல்லாம் செய்யத் தவறினார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால், குழந்தைகளின்பால் ஒரு சமூகம் கொண்ட மனோபாவம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிவந்த சரித்திரமே நமக்குக் கிடைக்கிறது.

பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் 1382-இல் வின்செஸ்டர் பள்ளியையும், அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஆறாம் ஹென்றி மன்னர் 1440-இல் ஈட்டன் பள்ளியையும் தோற்றுவித்தபோது, ஒவ்வொன்றிலும் 70 ஏழை மாணாக்கர் தருமத்தில் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தார்கள். அக்காலத்தில் பலர் கூடி வாழும் இல்லத்துக்கு எல்லோரும் அறிந்த மாதிரி துறவிகளின் மடாலயம் ஒன்றே ஆதலால், பகலில் ஒரு போஜனம், மாலையில் ஒரு போஜனம் என்ற மடத்து நியமமே பள்ளிக்கும் நியமமாயிற்று. வின்செஸ்டரில் சதுரமான மரப்பலகைகளே தட்டுகளாக இருந்தன. ரொட்டியும் இறைச்சியும் பியருமே உணவு. உடம்பை ஒடுக்குவதையே விரதமாகக் கொண்ட துறவிக்கு ஏற்ற ஒழுங்கை, நாளுக்கு நாள் வளர்கிற உடம்பையுடைய பாலகனுக்கும் விதித்ததில் யாரும் பிழை காணவில்லை. ஈட்டனில் இந்த நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நீடித்தது. ஸ்தாபகரின் தருமத்தில் படித்த மாணாக்கருக்குக் காலை ஆகாரம் என்பது பள்ளியின் கணக்கிலேயே இல்லை. நாள் தவறாமல் ஆட்டிறைச்சி பரிமாறப்பட்டது. இரவில் ‘லாங் சேம்பர்’ என்ற நீண்ட கூடத்தில் அவர்களை வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். கையில் சிறிது காசு உள்ளவர்கள் ஊருக்குள் ஓர் அறையை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அங்கே போய் முகம் கழுவி, காலை உணவையும் முடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்கள். 1846-இல் புதிய கட்டடம் எழும்பித் தனித்தனி அறைகள் கிடைத்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தணிந்தது.

ஏழைக் குழந்தைகளுக்கென்று ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1552-இல், லண்டன் மாநகரில் தோன்றிய கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியைப் பற்றிச் சொல்லச் சார்லஸ் லாம் என்ற மகா ரசிகர் கிடைத்தது நம் பாக்கியம். லாமும் கவி கோல்ரிட்ஜும் 1782-இல் அங்கே மாணவர்களாகச் சேர்ந்து ஒரே காலத்தில் படித்தவர்கள். காலையில் ஒரு துண்டு வறண்ட ரொட்டியும் ருசி கெட்ட மெல்லிய பியரும், சில நாள்களில் மத்தியானத்தில் வேகவைத்த இறைச்சியும் என்று எண்ணி அளந்து வழங்கிய அந்தப் பள்ளியின் உணவு கோல்ரிட்ஜின் நினைவில் நெடுங்காலம் பசியாகவே தங்கிவிட்டது. லாமின் வீடு பக்கத்திலேயே இருந்தது. அவருடைய வயோதிக அத்தை சுடச்சுட இறைச்சி வறுத்துப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பள்ளியின் தாழ்வாரத்து மூலைக்கு வந்து, ஒரு கல்லின் மேல் அமர்ந்து அவருக்கு ஊட்டிவிட்டுப் போவாள். 1820-இல், நடுவயது கடந்த பிறகு, அந்தக் காட்சியை நினைந்து ஒரு கட்டுரை எழுதிய லாம், கொண்டு வந்தவளிடத்தில் தமக்கிருந்த அன்பையும், கொண்டு வந்த விதத்தைப் பற்றிய வெட்கத்தையும், பங்கு கொடுக்க முடியாமல் எத்தனையோ தோழர்கள் சுற்றி நிற்க உண்ண நேர்ந்த வேதனையையும், இவை எல்லாவற்றையும் கடைசியில் வென்றுவிட்ட பசியையும் ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டுகிறார். வீட்டுப் பண்டம் விடுதிக்குள் நுழையும்போது இன்பமும் ஏற்றத்தாழ்வும் கூடவே நுழைகின்றன என்ற உண்மையை இதைவிட நுட்பமாக வேறு எவரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே கட்டுரையில் லாம் சொல்லும் இன்னும் இரண்டு செய்திகள் விடுதி வாழ்க்கையின் இரு துருவங்களைப் போன்றவை. சட்டாம்பிள்ளையாய் இருந்த ஒரு பெரிய பையன் ஒரு கழுதைக் குட்டியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விடுதியின் மேல்தளத்தில் கட்டி வைத்து, அதன் தீனிக்காக நாற்பது சிறுவர்களிடம் ரொட்டியில் பாதியை நாள்தோறும் வரியாகப் பிடுங்கி வந்தான். இது அதிகாரம் பசியின் மேல் ஏறி அமர்ந்த கதை. மற்றொரு மாணவன், எல்லோரும் அருவருத்து ஒதுக்கிய கொழுப்புத் துண்டுகளையும் மிச்சங்களையும் மேஜைகளிலிருந்து திரட்டித் தன் படுக்கையருகே ஒளித்து வைப்பதைக் கண்டு, ஏனையோர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். விடுமுறை நாளொன்றில் அவனைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, வறுமையில் வாடும் தன் பெற்றோருக்கு அந்த உணவைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தான் என்பது தெரிந்தது. விசாரித்த அதிகாரியின் நல்ல குணத்தால் குடும்பத்துக்கு உதவியும், பையனுக்கு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தன. பசித்திருந்த பிள்ளைகளின் நடுவிலிருந்தே இத்தகைய தருமசீலனும் தோன்றினான் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பசியைப் பற்றிப் பொதுஜனங்களின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியவர்கள் நாவலாசிரியர்களே ஆவர். யார்க்‌ஷயர் மாகாணத்தில் மலிவுக் கட்டணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு பட்டினி போட்டு வந்த பள்ளிகளை 1838-இன் தொடக்கத்தில் நேரில் போய்ப் பார்த்து வந்த டிக்கன்ஸ், ‘நிக்கலஸ் நிக்கில்பி’யில் அவற்றை உலகத்தின் முன் நிறுத்தினார், பாலில் தண்ணீரைக் கலந்து கொடுப்பதும், பசி மந்தித்துப் போவதற்காகவே கந்தகமும் வெல்லப்பாகும் கலந்த மருந்தை வரிசையாகப் புகட்டுவதும் அங்கே நித்திய கருமங்கள். சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ 1847-இல் வெளிவந்தது. தீய்ந்துபோன ஓட்ஸ் கஞ்சியைத் தொட முடியாமல் எழுந்துபோகும் பெண் குழந்தைகளையும், குளிர்காயும் இடத்தையும் சிறியவர்களின் ரொட்டியையும் அபகரிக்கும் பெரிய பெண்களையும், தன் அறையில் பூட்டி வைத்திருந்த கேக்கை எடுத்து இரண்டு சிறுமிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஆசிரியையையும் அந்நூலிலே காண்கிறோம். பிராண்டி சகோதரிகள் நால்வர் 1824-இல் கவன் பிரிட்ஜ் என்ற ஊரின் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டதும், மூத்தவர்களாகிய மரியாவும் எலிசபெத்தும் நோயுற்று வீடு திரும்பி 1825-இல் மரித்ததும் சரித்திரம். ஆகையால் அந்தக் கஞ்சியைப் பற்றிய பக்கங்களை ஒரு தங்கையின் கண்ணீராகவே நான் வாசிக்கிறேன்.

பள்ளி கொடாததைப் பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்ளத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை. தாமஸ் ஆர்னால்டு 1828 முதல் 1842 வரை தலைமை ஆசிரியராக இருந்த ரக்பி பள்ளியின் வாழ்க்கையை அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் ‘டாம் பிரவுனின் பள்ளிநாட்கள்’ என்ற கதையாக 1857-இல் எழுதினார். ஆறடி நீளமும் நான்கடி அகலமுமே உள்ள படிப்பறை. அதில் அடுப்புக்கு ஏது இடம்? ஆகவே டாமும் அவன் தோழனும் வெளியே கடைக்குச் சென்று ஒரு பவுண்டு சாஸேஜும், ஸாலி ஹாரோவெல் என்பவளின் வீட்டில் சுட்ட உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு ஓடிவந்து, பொதுக்கூடத்தின் கணப்பு நெருப்பில் சாஸேஜை வாட்டி விருந்து நடத்துகிறார்கள். குளிர் தேசத்து விடுதிகளில் கணப்பு எரியும் இடமெல்லாம் பிள்ளைகளுக்கு அடுக்களையாயிற்று. சமையலறை என்று எவரும் கட்டித் தராத காலத்தில், நீண்ட காம்புள்ள முட்கரண்டி ஒன்றும், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஒன்றும், நிலக்கரித் தணலும் இருந்தால் ரொட்டி வாட்டவும், முட்டை அவிக்கவும், தேநீர் போடவும் போதுமாயிருந்தன.

ஆயினும் அந்தத் தணலின் முன் மண்டியிட்டிருந்தவன் வேறு, வாட்டிய ரொட்டியைத் தின்றவன் வேறு என்பதை மறந்துவிடலாகாது. கீழ்வகுப்பு மாணவன் மேல்வகுப்பு மாணவனுக்கு ஏவல் செய்ய வேண்டுமென்ற ‘ஃபேகிங்’ என்னும் முறை இந்தப் பள்ளிகளிலெல்லாம் வேரூன்றியிருந்தது. எஜமானனுக்குத் தணல் மூட்டுவதும், தேநீர் காய்ச்சுவதும், கடைக்கு ஓடிப் பண்டம் வாங்கி வருவதும் சிறுவனுடைய கடமை. ரொட்டி கருகினால் தண்டனையும் அவனுக்கே. ஈட்டனில் பணம் கட்டிப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி அறையும் கணப்பும் உண்டு ஆகையால், இரண்டு மூன்று பேர் ஒன்றுகூடி ஒருவன் அறையில் மாலைத் தேநீர் அருந்தும் வழக்கம் பெரியதொரு சம்பிரதாயமாகவே வளர்ந்தது. அந்த மேஜையை நிரப்பும் வேலையும் இளையவர்களின் தலையில்தான் விழுந்தது. பிரபுக்களின் புதல்வர்கள் ஒரு முட்டையையேனும் அவிக்கக் கற்றது இதனால் என்று இம்முறையைப் புகழ்ந்தவர்கள் உண்டு. வேலை செய்யப் பழகுவது நன்மையே. ஆனால் பசித்திருக்கும் ஒருவனைப் பிறனுக்காகச் சமைக்கச் செய்து, அவன் வாய்க்கு ஒன்றுமில்லாமல் அனுப்பி வைப்பது எந்த நியாயத்தாலும் நன்மையாகாது.

இவ்வளவு செல்வம் கொழித்த பள்ளிகளில் உணவு ஏன் இப்படிக் குறைந்திருந்தது என்று கேட்கத் தோன்றும். காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒரு கொள்கை: சுகமாக வளர்ந்த பிள்ளை சாம்ராஜ்யத்தை ஆளத் தகுதியற்றவனாகிவிடுவான், ருசியான ஆகாரம் புலன்களைத் தூண்டும், குளிரும் பசியும் புருஷத்தன்மையை வளர்க்கும் என்ற நம்பிக்கை அக்காலத்துப் பெரியவர்களிடம் ஆழப் பதிந்திருந்தது. இரண்டாவது, பணம்: பல பள்ளிகளில் விடுதி இல்லத்தை நடத்திய ஆசிரியரின் வருமானம், மாணவர் கட்டும் சாப்பாட்டுக் கட்டணத்தில் செலவுபோக மிஞ்சும் லாபத்தைச் சார்ந்திருந்தது, மேஜையில் குறைவதெல்லாம் பையில் சேரும் என்ற நிலை நல்ல மனிதரையும் சோதிக்கக் கூடியது. 1843-இல் தோன்றிய மார்ல்பரோ பள்ளியில் போதாத உணவும் கடுமையான தண்டனையும் சேர்ந்து 1851-இல் மாணவர் கலகமாகவே வெடித்தன. 1861-இல் அரசாங்கம் நியமித்த கிளாரண்டன் கமிஷன் ஈட்டன் முதலாகப் புகழ்பெற்ற ஒன்பது பள்ளிகளை விசாரித்து 1864-இல் அறிக்கை வெளியிட்டபோது, கிரீக்கும் லத்தீனும் எப்படிப் போதிக்கப்படுகின்றன என்பதோடு, பிள்ளைகள் எங்கே உறங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள், யாருக்கு ஊழியம் செய்கிறார்கள் என்பவையும் பார்லிமெண்டின் கவனத்துக்கு வந்தன.

விஞ்ஞானத்தின் குரல் இதன் பின்னர் எழுந்தது. ரக்பி பள்ளியின் வைத்தியராக இருந்த கிளெமெண்ட் டியூக்ஸ் என்பவர் பள்ளிச் சுகாதாரத்தைப் பற்றி 1883-இல் ஒரு நூலும், பின்னர் பள்ளி உணவைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதி, வளரும் பருவத்தில் போதிய ஆகாரமும் போதிய உறக்கமும் இல்லாமற்போனால் தேகத்தோடு புத்தியும் நற்குணமும் கெடும் என்று வாதித்தார். பசியைப் பொறுத்துக்கொள்வது நற்குணத்துக்குப் பயிற்சி என்று எண்ணியிருந்த ஆசிரியர்களிடம், பசியே நற்குணத்தைக் குலைக்கிறது என்று ஒரு வைத்தியர் துணிந்து சொன்னது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

இதற்குள் ரயில் பாதைகள் தேசமெங்கும் பரவிவிட்டன. தாயின் கை பள்ளி வரையில் நீள்வது சுலபமாயிற்று. கூடையிலும் பெட்டியிலும் கேக், ஜாம், பிஸ்கட், பழம் முதலியவை வந்து சேர்ந்தன. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவனும் பெயர் எழுதிப் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டியைத் தன்னோடு கொண்டுவருவது வழக்கமாகி, தின்பண்டத்தைக் குறிக்கும் மாணவர் பேச்சுவழக்குச் சொல்லால் ‘டக் பெட்டி’ என்று அதற்குப் பெயரும் நிலைத்தது. எழுத்தாளர் ரோல்டு டால் தம் இளமைப் பருவத்தைப் பற்றி 1984-இல் வெளியிட்ட நூலில், 1925-இல் ஒன்பது வயதில் அவர் சேர்ந்த பள்ளியில் ஒவ்வொருவரிடமும் இருந்த அந்தப் பெட்டியை வருணிக்கையில், தின்பண்டங்களின் பக்கத்திலேயே காந்தமும் பேனாக்கத்தியும் போன்ற பொக்கிஷங்களும் கிடந்ததைச் சொல்கிறார். நூறு பேர் ஒன்றாகப் படுத்து, ஒன்றாக எழுந்து, ஒன்றாக உண்ணும் இடத்தில் தனக்கென்று பூட்டித் திறக்கக் கூடிய ஒரே இடம் அந்தப் பெட்டி. ஆதலால் அது வயிற்றுக்கு மட்டுமன்றி ஆத்மாவுக்கும் ஆதாரமாயிருந்தது. பின்னர் அவர் ரெப்டன் பள்ளியில் படித்தபோது, காட்பரி கம்பெனியார் புதிய சாக்லேட் வகைகளை அட்டைப்பெட்டியில் அனுப்பி மாணவர்களின் அபிப்பிராயத்தை எழுதித் தரச் சொன்னார்கள் என்றும், ‘சார்லி’யைப் பற்றிய தம் கதைக்கு அந்த நினைவே வித்து என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

பெட்டி காலியான பிறகு போக வேண்டிய இடம் பள்ளியின் சிற்றுண்டிக் கடையாகிய ‘டக் ஷாப்’. 1908 முதல் 1940 வரை வெளிவந்த ‘மேக்னெட்’ என்ற வாரப் பத்திரிகையில் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் படைத்த பில்லி பண்டர் என்னும் பையன், வரப்போகும் போஸ்டல் ஆர்டரை நம்பிக் கடன் கேட்டுக்கொண்டே அந்தக் கடையைச் சுற்றித் திரிந்தான். டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டு, கையிலிருந்த ஏழு ஷில்லிங்கையும் மேல்வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அன்றிரவு நிலவொளியில் படுக்கையறைத் தோழர் அனைவருக்கும் பிஸ்கட்டும் கேக்கும் பழரசமதுவும் பரிமாறப்படுவதைப் பார்த்திருந்த காட்சி, பின்வந்த நள்ளிரவு விருந்துக் கதைகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லலாம். எனிட் பிளைட்டன் 1940-களில் எழுதிய பெண்கள் விடுதிக் கதைகளில் அந்த விருந்து மிகுந்த கீர்த்தியோடு விளங்குகிறது. அவற்றை முதன்முதல் வாசித்த குழந்தைகளுக்கோ சாக்லேட் என்பது கூப்பனுக்குக் கிடைக்கும் பண்டமாயிருந்தது. 1942 ஜூலை 26 முதல் மிட்டாய்களுக்குப் பங்கீடு ஏற்பட்டு, ஏறக்குறைய வாரத்துக்கு 3 அவுன்ஸ் என்ற அளவு பெரும்பாலும் நிலவியது. 1949-இல் சில மாதங்கள் தளர்ந்து மீண்டும் இறுகிய அந்தக் கட்டுப்பாடு 1953 பிப்ரவரி 5-இல்தான் முற்றும் நீங்கியது. யுத்தம் கொடியதே எனினும், பிரபுவின் மகனுக்கும் குமாஸ்தாவின் மகனுக்கும் ஒரே அளவு மிட்டாய் என்ற நியாயத்தை, அதுவரை எந்தப் பள்ளியும் செய்யாத நியாயத்தை, சில காலம் அது செய்து காட்டிற்று.

யுத்தத்துக்குப் பிந்திய தலைமுறைகளில் மாற்றம் விரைந்தது. கணப்பின் இடத்தில் கேஸ் அடுப்பும், பிறகு மின்சாரக் கெட்டிலும், ரொட்டி வாட்டும் டோஸ்டரும் வந்தன. எவனும் தன் ரொட்டியைத் தானே வாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை உண்டானதும் ஏவல் முறைக்கிருந்த கடைசிச் சாக்கும் போயிற்று. 1980-களுக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. இல்லந்தோறும் ஒரு சிறு சமையலறை ஒதுக்கி, அதில் குளிர்ப்பெட்டியும், ரொட்டியும் பாலும் ஜாமும் வைப்பது வழக்கமாயிற்று. அதன் பின்னர் 2002-இல் விடுதிப் பள்ளிகளுக்கென்று இங்கிலாந்தின் அரசாங்கம் வெளியிட்ட குறைந்தபட்சத் தரவிதிகளில், பிரதான உணவு வேளைகளைத் தவிர ஏனைய தக்க நேரங்களிலும் மாணவர்களுக்குக் குடிநீரும், உணவோ அல்லது உணவு தயாரித்துக்கொள்ளும் வசதியோ கிடைக்க வேண்டும் என்று ஒரு விதி இடம்பெற்றது. அத்தை தாழ்வாரத்து மூலைக்குக் கொண்டுவந்து ஊட்டியதும், பொதுக்கூடத்து நெருப்பில் பிள்ளைகள் தாங்களே வாட்டியதும், மூத்தவன் இளையவனிடமிருந்து பிடுங்கியதுமான அந்த இடைவேளை ஆகாரம், கடைசியில் குழந்தையின் உரிமையாகச் அரசாங்க விதியின் வாசகத்தில் எழுதப்பட்டுவிட்டது. அந்த ஒற்றை வாக்கியத்தை எழுத ஒரு தேசத்துக்கு அறுநூறு ஆண்டுகள் பிடித்தன.

இந்த மரபு கடல் கடந்து நம் மலைகளுக்கும் வந்தது. நீலகிரியில் 1858-இல் ஆங்கிலச் சிப்பாய்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கிப் பின்னர் லவ்டேல் என்னுமிடத்தில் அமைந்த லாரன்ஸ் பள்ளியும், கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்கப் பாதிரிமாரின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியும் போன்றவை வளர்ந்து, பின்னர் இந்நாட்டுக் குழந்தைகளுக்கும் உரியவையாயின. மலைப்பள்ளி மாணவர்களின் பேச்சில் ‘டக்’ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. அந்தப் பெட்டிக்குள்ளே கேக்குக்குப் பதிலாக முறுக்கும் சீடையும் அதிரசமும் குடியேறிவிட்டன. மலையில் மட்டுமா? சமவெளியில் ஊர் ஊராக உள்ள விடுதிகளிலும் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையில் தகர டப்பாக்கள் நிறைந்து வருவதும், மறு ஞாயிறு வருமுன் அவை காலியாவதும், டப்பா வராத பையன் அந்த வேளையில் ஏதோ வேலை இருப்பவன்போல அறையை விட்டு வெளியே போய்விடுவதும் நாம் அறிந்தவையே.

அந்தப் பையனை நினைத்தே இந்தச் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தேன். வீட்டுப் பண்டத்தைத் தடை செய்வது பரிகாரமாகாது. தாயின் கைமணம் எட்டாத விடுதி வறண்டு போகும். தடையின்றி விட்டுவிட்டுத் திருப்தி கொள்வதும் போதாது. அப்போது பணமும் தூரமும் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானித்துவிடும். வீட்டிலிருந்து வருவது வரட்டும். அதனோடு, மாலை ஆறு மணிக்கு மேல் பசிக்கிற எந்தக் குழந்தையும் எவர் முகத்தையும் பார்க்காமல் போய் எடுத்துக்கொள்ளத் தக்க ஓர் அலமாரியும், பால் காய்ச்சவும் அவல் நனைக்கவும் ஏற்ற பாதுகாப்பான ஒரு சிறு அடுக்களையும், அதைக் கண்காணிக்க அன்புள்ள ஒருவரும் ஒவ்வொரு விடுதியிலும் இருக்க வேண்டும். பெரிய நூலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் ஆகிற செலவில் இதற்கு ஒரு சிறு பங்குகூட ஆகாது. பிறர் அறுநூறு ஆண்டு அனுபவத்தால் கற்ற பாடத்தை நாம் ஒரு தலைமுறைக்குள் கற்றுக்கொள்ளலாம். நம் பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விடுகிற நாம், சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அந்த அலமாரி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.